பெனாசேக்காவின் இருபத்தெட்டு ஓநாய்கள்

பெனாசேக்கா என்ற ஊருக்குத் தொலைபேசி, இணையம், தொலைக்காட்சி ஆகிய மூன்றும் நூறு விழுக்காடு வழங்கப்பட்டுவிட்டன என்ற நற்செய்தி, போர்ச்சுகல் நாடு முழுவதும் ஒரே காலையில் பரவியது. பெனாசேக்காவுக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. அங்கே தொலைபேசியும் இணையமும் தொலைக்காட்சியும் இல்லாததே அதற்குக் காரணம்.

பிரகான்சாவுக்கு வடக்கே, ஸ்பெயின் எல்லைமேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு கிடக்கும் பாறை ஊர் அது. மக்கள் தொகை இருபத்தெட்டு. எல்லோரிலும் இளையவர் ஊராட்சித் தலைவர் பெல்மீரோ, அவருக்கே ஐம்பத்தாறு. எர்மீனியா அந்த ஊரின் ஒரே காபிக்கடைக்காரி. வயது அறுபத்திரண்டு. புருஷன் போய்ப் பல வருஷமாயிற்று. தேனீ வளர்க்கும் தம்பி அபீலியோ ஒருவன்தான் அவளுக்கு மிச்சமிருந்த சொந்தம். அவனுக்கு அவ்வப்போது தலை சுற்றும். சுற்றினால் எங்கே நிற்கிறானோ அங்கேயே விழுவான்.

முன்பெல்லாம் எர்மீனியாவின் கடையிலிருந்த பழைய கம்பித் தொலைபேசிதான் ஊருக்கே தொலைபேசி. பிரான்சுக்குக் கட்டட வேலைக்குப் போன பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அதில்தான் கூப்பிடுவார்கள். யாருக்காவது நெஞ்சை அடைத்தால் ஆம்புலன்சுக்குச் சொல்வதும் அதில்தான். கைபேசி எல்லோரிடமும் இருந்தது. அதில் மணி பார்த்தார்கள். கோழிக்கூட்டுக்குள் முட்டை தேட விளக்கடித்தார்கள்.

ஆகஸ்ட் காட்டுத்தீயில் மலைச்சரிவிலிருந்த தொலைபேசிக் கம்பங்கள் நாற்பதும் எரிந்து போயின. ஊர் தப்பியது. எரிந்த கம்பத்துக்குப் பதில் புதுக் கம்பம் நடுவார்கள் என்று எர்மீனியா மூன்று வாரம் காத்திருந்தாள். பிறகு பெல்மீரோவின் டிராக்டரில் முப்பது கிலோமீட்டர் போய், டவுனில் தொலைபேசிக் கம்பெனியின் கிளையில் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கவுன்ட்டரில் ஊதா நகப்பூச்சு போட்ட பெண் ஒருத்தி கணினியைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"உங்க ஊருக்குக் கம்பியெல்லாம் இனிமே கிடையாது மேடம். ஃபைபர் வந்தாச்சே, மார்ச் மாசமே. நீங்க ரொம்பத் திருப்தியான வாடிக்கையாளர்னு இங்க இருக்கு."

"பெட்டிதான்மா வந்துச்சு," என்றாள் எர்மீனியா. "கோயில் சுவத்துல மாட்டி ரிப்பன் வெட்டினாங்க. அதுலேர்ந்து ஒரு கறுப்பு வயரு இறங்கி மண்ணுக்குள்ள போகுது. நான் தோண்டிப் பாத்தேன். ரெண்டு முழத்துல முடிஞ்சு போச்சு."

அந்தப் பெண்ணின் முகத்தில் மலர்ச்சி போய்விட்டது. "கம்பெனிச் சொத்தைத் தோண்டினீங்களா?"

எர்மீனியா பேச்சை மாற்றினாள். புகாரை எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டாள். இணையத்தில் பதியலாம் என்றாள் அந்தப் பெண். இணையம் இல்லையே என்றதற்கு, அப்படியானால் தொலைபேசியில் சொல்லலாம், ஆனால் பழுதான அதே தொலைபேசியிலிருந்துதான் கூப்பிட வேண்டும், வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் எந்த இணைப்பு பழுது என்று இயந்திரத்துக்குத் தெரியாது என்று பொறுமையாக விளக்கினாள். பழுதான தொலைபேசியிலிருந்து கூப்பிட முடிந்தால் தான் ஏன் முப்பது கிலோமீட்டர் வரவேண்டும் என்று எர்மீனியா கேட்டாள். அது ஓர் ஆலோசனையாகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

அக்டோபரில், செஸ்ட்நட் காய்கள் உதிரத் தொடங்கிய வாரத்தில், அபீலியோ தேன்பெட்டிகளுக்கு நடுவே விழுந்தான். காலையில் விழுந்தவனை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று தேடிப் போய் எர்மீனியாதான் கண்டெடுத்தாள். இடது கால் முறிந்து, உதடெல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தான். ஊருக்கு மேலே கழுகுப்பாறை என்று ஒன்று உண்டு. காற்று ஒத்துழைத்தால் அதன் உச்சியில் ஸ்பெயின்காரன் சிக்னல் ஒரு கோடு வரும். ஏறுவதற்கு முக்கால் மணி நேரம். பெல்மீரோ ஏறிப் பார்த்தார். காற்று ஒத்துழைக்கவில்லை. கடைசியில் டிராக்டரில் வைக்கோல் போட்டு அவனைப் படுக்கவைத்து, எதிரே வந்த ரொட்டி வேனை மறித்து, ரொட்டிகளுக்கு இடையில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் சவப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள்.

அன்றிரவு வீடு திரும்பிய எர்மீனியா அழவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தாள். தேசிய மின்தொடர்பு நெறிப்படுத்தல் பேராணையத்துக்கு, 'எங்கள் ஊரில் இருபத்தெட்டு பேர் இருக்கிறோம்' என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதினாள். பதில் வந்தது:

'தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றது. தேசியச் சேவை வரைபடத்தில் தங்கள் ஊர் பச்சை நிறத்தில் இருப்பதை அறிந்து மகிழ்கிறோம். வரைபடத்துக்கும் நிலத்துக்கும் இடையே முரண்பாடு இருப்பதாகத் தாங்கள் கருதுவதால், நிலத்தைச் சரிபார்க்கும் பொருட்டு டாக்டர் லென்காஸ்த்ரே தலைமையில் மூவர் குழு நேரில் வருகை தரும்.'

இந்த நாட்டில் பட்டம் வாங்கிய எவரையும் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். லென்காஸ்த்ரே சட்டம் படித்த டாக்டர். கூட வந்தவர்களில் ஒருவர் பூகோள டாக்டர், மற்றவர் தகவல் தொடர்பியல் டாக்டர். மூன்று டாக்டர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊரே மருந்துச் சீட்டும் மாத்திரை டப்பாவுமாகக் கடை வாசலில் காத்து நின்றது. ஒருவர் சட்டைக் கையை மடித்துத் தயாராகவே இருந்தார். விஷயம் தெரிந்ததும் மடித்ததை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

வெள்ளை வேனிலிருந்து அளவைக் கருவியை இறக்கினார்கள். கடையில் வைத்து அளந்தார்கள், சிக்னல் சுழி. கோயில் வாசலில் சுழி. பெட்டியின் காலடியிலேயே வைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் சுழிதான். ஆகஸ்டுக்குப் பிறகு முதல் தடவையாக எர்மீனியாவுக்கு நெஞ்சு லேசானது. பார்த்துவிட்டார்கள், இனி எழுதிவிடுவார்கள் என்று நினைத்தாள். மூவருக்கும் காபி போட்டுக் கொடுத்து, வறுத்த செஸ்ட்நட்டும் ஒரு தட்டில் வைத்தாள்.

லென்காஸ்த்ரே தோல் நீக்கி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, சுழியைப் பதிவு செய்ய வழியில்லை என்றார்.

"கருவி காட்டுச்சே டாக்டர். நீங்களே பாத்தீங்களே."

"காட்டுச்சும்மா. ஆனா எடுத்த அளவு, எடுத்த இடத்துலேர்ந்தே இணையம் வழியாத் தலைமையகத்துக்குப் போய்ச் சேரணும். சேந்தாத்தான் அது அளவு. சேரலைன்னா எடுக்காத மாதிரி."

"இணையம் இல்லாத இடத்துலேர்ந்து எப்படிங்க போய்ச் சேரும்?"

"சேராது," என்று அவர் ஒப்புக்கொண்டார். பிறகு குரலில் பெருமை தொனிக்கச் சொன்னார்: "அதனாலதான் இணையம் இல்லைன்னு நாட்டுல ஒரு இடம்கூட இதுவரைக்கும் பதிவாகல."

எர்மீனியா விடவில்லை. கழுகுப்பாறைக்குக் கூட்டிப்போனாள். எங்கிருந்தாவது அந்தச் சுழிகளை அனுப்பித் தொலைக்கட்டும் என்பது அவள் கணக்கு. டாக்டர்கள் மூச்சு வாங்க ஏறினார்கள். அன்றைக்குக் காற்று ஒத்துழைத்தது. கருவி சந்தோஷமாகக் கூவியது. ஆனால் பிடித்தது ஸ்பெயின் சிக்னல். பிடித்த கையோடு கருவியின் கடிகாரமும் ஸ்பெயினுக்கு மாறி ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிட்டது. நாலு இருபது, ஐந்து இருபதாகிவிட்டது. அலுவலக நேரம் ஐந்தோடு முடிகிறது. அலுவல் நேரத்துக்குப் பின் எடுக்கப்படும் அளவுகள் விதி பதினொன்றின்படி செல்லாதவை. இதைப் பூகோள டாக்டர் சொன்னபோது, மற்ற இருவரும் தாங்களும் இருபது நிமிஷம் கூடுதலாக உழைத்திருப்பதை உணர்ந்து திடுக்கிட்டு, வேகமாக இறங்கிப் போனார்கள்.

ஊர் பச்சையாகவே இருந்தது.

நவம்பரில் அதே பாறைமேல் ஒரு கோபுரம் எழுந்தது. பதினோரு நாளில் வேலை முடிந்துவிட்டது. எர்மீனியா முதலில் நம்பவில்லை. பிறகு விசாரித்ததில் அது ஓநாய்களுக்கு என்று தெரியவந்தது.

சொன்னவன் விரியாத்தோ, இயற்கைப் பாதுகாப்புத் துறையின் காவலன். நாற்பது வயதிருக்கும், ஜீப்பிலேயே தூங்கி ஜீப்பிலேயே சாப்பிடுகிறவன் என்பது சட்டையைப் பார்த்தாலே தெரியும். கடையில் சூடாக ஒரு கிண்ணம் கீரை சூப் குடித்துக்கொண்டே கதையைச் சொன்னான். எல்லை மலையில் முப்பது ஓநாய்களுக்குக் கழுத்துப்பட்டி மாட்டி, அவை எங்கே போகின்றன, என்ன செய்கின்றன என்று கவனிக்கும் திட்டம் அது. பணம் ஐரோப்பாவிலிருந்து நேராக வருகிறது. பட்டி அனுப்பும் தகவலை மட்டும் அந்தக் கோபுரம் வாங்கிக்கொள்ளும். மனிதர் பேச்சு அதற்குப் புரியாது.

"ஓநாய் செத்துக் கித்துப் போச்சுன்னா?" என்று கேட்டாள் எர்மீனியா, சும்மா பேச்சுக்குத்தான்.

"நாலு மணி நேரம் அசையாமக் கிடந்தா அலாரம் அடிச்சிரும்க்கா. அடிச்சதுலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள மிருக டாக்டரோட நாங்க அங்க நிக்கணும். நிக்கலைன்னா ஐரோப்பாவுக்குப் பதில் சொல்லி மாளாது."

எர்மீனியா துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எத்தனை ஓநாய்க்குத் தம்பி மாட்டியிருக்கே?"

விரியாத்தோ சூப்பைப் பார்த்துக்கொண்டு, ரெண்டு என்றான். மூன்று வருஷத்தில் ரெண்டு. இந்த மலையில் அவ்வளவுதான் அகப்பட்டன. மீதி இருபத்தெட்டு பட்டிகள் ஜீப்பில் கிடந்தன. வருஷக் கடைசிக்குள் மாட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிட்டு அவனை வேறெங்கோ தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவன் மனைவி போன மாதம்தான் பக்கத்து டவுனில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

 பிறகு எர்மீனியா கடையின் உள்பக்கம் திரும்பித் தம்பியைக் கூப்பிட்டாள். அபீலியோ ஊன்றுகோலோடு வந்தான். விரியாத்தோ அவன் கழுத்தைப் பார்த்தான். பட்டியின் நீளத்தை மனதுக்குள் அளந்தான்.

"தப்பாயிடும்க்கா," என்றான்.

"ரெண்டு முழ வயரை மண்ணுல புதைச்சிட்டு ஃபைபர்ங்கிறான். அது தப்பாகலையே."

அபீலியோ மூன்றாம் எண் ஓநாயானான். பட்டி கனமாகவும் கொஞ்சம் ரப்பர் நாற்றத்தோடும் இருந்தது. முதல் இரண்டு நாள் அவமானமாக இருக்கிறது என்று கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தான். பாதிரியார்கூடக் கழுத்தில் வெள்ளைப் பட்டி போட்டிருக்கிறாரே, அதற்கு யாராவது சிரித்தார்களா என்று எர்மீனியா கேட்டாள். பிறகு துண்டு போய்விட்டது.

டிசம்பர் பத்தாம் தேதி, உறைபனி பெய்த காலையில், அபீலியோ மறுபடியும் விழுந்தான். அந்த நேரம் எர்மீனியா டவுனில் மளிகை வாங்கிக்கொண்டிருந்தாள். ஊரில் யாருக்கும் தெரியாது. நாலு மணி நேரம் கழிந்ததும் பிரகான்சாவில் ஒரு கணினியில் மட்டும் மூன்றாம் எண் சிவப்பாகத் துடித்தது. ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் மிருக டாக்டர் ஒதீலியா. குட்டையான, வாயில் எப்போதும் மிட்டாய் அதக்கும் பெண்மணி. பனியில் கிடந்த ஓநாயைப் பார்த்தார். விரியாத்தோவைப் பார்த்தார். கேள்வி கேட்கவில்லை. மண்டியிட்டு, அபீலியோவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

அந்த ஊருக்கு வந்த டாக்டர்களில் நாடி பிடித்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

கன்றுக்குட்டிக்குப் போர்த்தும் கம்பளியில் சுற்றி, ஓநாய்க் கூண்டை மடக்கி இடம் பண்ணி அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் அவன் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்தார்கள். கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் அவன் வீட்டுக்கு வந்தபோது எர்மீனியா செய்த முதல் காரியம், கழற்றி வைத்திருந்த பட்டியைத் திரும்ப அவன் கழுத்தில் மாட்டியதுதான்.  

அப்புறம் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. புத்தாண்டுப் பூசை முடிந்ததும் ஊர் வரிசையில் நின்றது. பட்டிகளும் இருபத்தெட்டு, ஆட்களும் இருபத்தெட்டு. முதலில் போட்டுக்கொள்ள மறுத்த பெல்மீரோ, ஊராட்சித் தலைவருக்கு எண் ஒன்று தரவேண்டும் என்று பிற்பாடு கேட்டார். அது ஓர் உண்மையான ஓநாயிடம் இருந்ததால் பத்தொன்பதோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. விரியாத்தோ திட்டக் கெடுவை ஒரு நாள் தாண்டிவிட்டான். ஆனால் முப்பதுக்கு முப்பது என்ற எண்ணைப் பார்த்த மேலதிகாரிகள் தேதியைப் பார்க்கவில்லை.

ஓநாயாக இருப்பதற்கும் ஒரு நாகரிகம் வந்து சேர்ந்தது. கோயில் பூ அலங்காரம் பார்க்கும் ரோசாலினா பட்டிக்குக் கம்பளி நூலில் உறை பின்னினாள். ஒரே வாரத்தில் எல்லாப் பெண்களும் பின்னினார்கள். பிப்ரவரியில் பெனெலாஸ் என்ற அடுத்த ஊரிலிருந்து வந்த விருந்தாளி ஒருத்தி, பட்டி இல்லாத தன் கழுத்தை மேல்சட்டைக் காலரால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கள் ஊரில் இன்னும் கம்பித் தொலைபேசிதான் என்று அவள் சொன்னபோது பெனாசேக்காக்காரர்கள் ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

இதற்கிடையே தகவல்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அறிஞர்கள் வியந்தார்கள். எல்லை மலை ஓநாய்கள் ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு ஒரே இடத்தில் கூடி, ஐம்பது நிமிஷம் அநேகமாக அசையாமல் இருந்தன. நாள்தோறும் மாலையில் வேறோர் இடத்தில் திரண்டு, ஏழு மணிக்குத் தள்ளாடியபடி கலைந்தன. வியாழக்கிழமைகளில் காலை பத்தேகாலுக்கு மொத்தக் கூட்டமும் நாலு திசையிலிருந்தும் ஒரு புள்ளியை நோக்கி விரைந்தது. அதுதான் வேட்டை என்று ஆய்வுக் கட்டுரை தீர்மானமாகச் சொன்னது. ரொட்டி வேன் வரும் நேரம் அது. முப்பது ஓநாய்களில் இரண்டு மட்டும் கூட்டத்தோடு சேராமல் காட்டில் தனியே அலைவதாகவும், அவற்றின் மனநலம் கவலைக்குரியது என்றும் ஓர் அடிக்குறிப்பு இருந்தது.

இவ்வளவு புகழ் வந்தபின் கோபுரம் வரைபடத்தில் ஏறியது. ஏறியதும் பேராணையத்தில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டது: பச்சை ஊரின் தலைக்குமேல் ஒரு பொதுப்பணக் கோபுரம்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விரியாத்தோ முகம் வெளிறி வந்தான். ஃபைபர் உள்ள ஊரில் இன்னொரு கோபுரம் இருப்பது இரட்டைச் செலவு, மனிதர் வாழும் இடமென்றால் அதைப் பிரித்தெடுத்தே ஆகவேண்டும் என்று விதி இருக்கிறதாம். மனிதர் இல்லாத இடமென்றால் ஓநாய்களுக்காக இருந்துவிட்டுப் போகலாம். விசாரிக்க லென்காஸ்த்ரே நாளைக்கே வருகிறார்.

அன்று மாலை கடையில் இருபத்தெட்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு நீளவில்லை. மனுஷன் இல்லை என்று சொல்லிவிடலாம், என்ன குறைந்துவிடும் என்றார் பெல்மீரோ. மனுஷன் என்றிருந்தபோது என்ன கிடைத்தது என்று ரோசாலினா கேட்டாள். எர்மீனியா மட்டும் சாராயக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருக்கிறோம் என்று யாராவது ஒருவன் ஒரு தாளில் எழுதினால் போதும் என்றுதான் அவள் இத்தனை மாதமாக அலைந்தாள்.

லென்காஸ்த்ரே சரியாகப் பத்து மணிக்கு வந்தார். கடை நிறைந்திருந்தது. அவர் நடுமேசையில் உட்கார்ந்து, காபி வாங்கிக் குடித்து, பையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்தார். சுற்றிலும் இருபத்தெட்டு கழுத்துகளில் இருபத்தெட்டு பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அவர் எல்லோருக்கும் மரியாதையாக வணக்கம் சொன்னார்.

"ஒரே ஒரு கேள்விதான்மா. இந்த இடத்துல மனிதர்கள் வசிக்கிறாங்களா?"

"உங்களுக்குத் தெரியலையா டாக்டர்?"

"நான் பாக்கிறதெல்லாம் சாட்சியமாகாது. நீங்க சொல்லணும், நான் எழுதணும்."

எர்மீனியா ஈரக்கையைத் துணியில் துடைத்தாள். துடைத்து முடிந்தபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இருக்கோம்னு எழுதினா ஃபைபர் வருமா?"

"ஃபைபர் வந்தாச்சேம்மா," என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு.

அவள் ஜன்னலோரம் பார்த்தாள். அபீலியோ ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலைப் பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவில் விட்டுச் சொறிந்துகொண்டிருந்தான். டிசம்பரில் பனியில் கிடந்த தம்பி. இவர்கள் எழுதும் எழுத்தில் அவன் மனுஷனாக இருந்தால் அடுத்த தடவை சாவான்.

"இல்லீங்க டாக்டர்," என்றாள். "இங்க மனுஷங்க யாரும் இல்லை."

லென்காஸ்த்ரே 'இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். பிறகு, இது சட்டப்படி செல்லவேண்டுமானால் தான் ஒருவர் எழுதினால் போதாது, ஆட்கள் வசிக்கவில்லை என்பதை ஊரில் வசிப்பவர்கள் அனைவரும் ஒப்பமிட்டு உறுதிசெய்ய வேண்டும் என்றார். ஒருவர் விட்டுப்போனாலும் செல்லாது.

வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து, பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை எண் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். லென்காஸ்த்ரே ஒவ்வோர் அட்டையையும் வாங்கி, புகைப்படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ரோசாலினாவிடம் மட்டும், படத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால் கம்பளி உறையைச் சற்றுக் கீழே இறக்கச் சொன்னார். அபீலியோ கால் வலியால் எழுந்து வர முடியாததால் அவரே படிவத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். எர்மீனியா கடைசியாகப் போட்டாள். பேனா காகிதத்தின்மேல் ஒரு கணம் நின்றது, பிறகு போட்டுவிட்டாள்.

ஆக இருபத்தெட்டு கையெழுத்துகள். லென்காஸ்த்ரே இரண்டு தடவை எண்ணினார். ஊராட்சித் தலைவர் என்ற முறையில் பெல்மீரோ முத்திரை குத்தினார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல," என்றார் லென்காஸ்த்ரே, தாளை ஊதிக் காயவைத்தபடி, "இவ்வளவு ஒழுங்கான ஆளில்லாத ஊரை நான் பாத்ததில்லை."

அரசாங்கத்தின் வாயிலிருந்து ஊருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. எல்லோர் முகத்திலும் சந்தோஷம் தெரிந்தது; ரோசாலினா வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தாள். பெல்மீரோ மட்டும் ஓரடி முன்னால் வந்து, தனக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டார்.

"எதுக்குங்க?"

"ஊராட்சிக் கோப்புல வைக்கணும் டாக்டர்," என்றார் பெல்மீரோ. "நாளைக்கு எங்கள்ல யாராவது, இங்கதான் இருக்கேன்னு கிளம்பிட்டா, காட்டணுமில்ல."